ஸரீனாவின் பக்கம்

வண்டு வலது காதோரம் ரீங்காரமிட்டது, முதுகுப் பக்கமாகப் போனது, இடப்பக்கம் வரவேண்டிய இடத்தில் காணாமல் போனது.

"பாத்தியா, திரும்பவும் செத்துப்போச்சு!" என்றார் முனவ்வர், படுக்கையறையின் நடுவே, டீவிக்கு எதிரே போட்ட கதிரையில் இருந்தபடி.

அது நிஜ வண்டு இல்லை. கட்டாரில் இருக்கிற மச்சான் ஜுனைட், மனைவி ஸரீனாவின் தம்பி, அனுப்பிய ஸ்பீக்கர் செட்டோடு வந்த சோதனைச் சத்தம். சின்னப் பெட்டி ஐந்து, பெரிய பெட்டி ஒன்று. சரியாக வைத்தால் வண்டு தலையை முழு வட்டமாகச் சுற்றும் என்று கடதாசியில் படம் போட்டிருந்தது. முனவ்வருக்கோ அரை வட்டம்தான் கிடைத்தது.

"பெட்டி பழுதெண்டு மட்டும் சொல்லிப்போடாதீங்கோ," என்றாள் வாசலில் நின்ற ஸரீனா. "லீவில வந்திருக்கிற தம்பி நாளைக்குப் பகல் சாப்பாட்டுக்கு வாறான்."

முனவ்வருக்கு அந்தப் பயம்தான். போன தடவை ஜுனைட் கொண்டுவந்த மணிக்கூட்டைக் குறை சொல்லப்போய், ஸரீனா வீட்டார் ஒரு வருஷம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இந்தத் தடவை வண்டு சுற்றியே ஆகவேண்டும்.

"பெட்டியில பிழையில்லை. வைச்ச இடம்தான் பிழை. என்ட காது பொய் சொல்லாது."

காது விஷயத்தில் அவருக்கு அப்படியொரு பெருமை. மன்னார்ப் பக்கம் அரிப்பு ஊர்க் கடலில் பத்து வருஷம் சங்கு குளித்தவர், இப்போது வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறார். தூரத்தில் எஞ்சின் சத்தம் கேட்டாலே யாருடைய வள்ளம் வருகிறது என்று சொல்லிவிடுவார்.

செட்டை ஹோலில் வைத்திருக்கலாம். ஆனால் ஹோலில் மூன்று தையல் மெஷின்கள். அவை வந்திறங்கிய நாளில் முனவ்வர் குதித்தார்.

"என்னை ஒரு சொல்லுக் கேட்டனீயா?"

"ராவு கேட்டனானே. நீங்கள் வேண்டாமெண்டு சொல்லேல்லை."

படுத்தவுடன் நித்திரையாகிற ஆள் அவர். நித்திரையாகிவிட்டேன் என்று ஒத்துக்கொண்டால் குடும்பத் தலைவனுக்கு என்ன மரியாதை? "ஓம், ஓம், இப்ப ஞாபகம் வருது," என்று சமாளித்தார். குசினிக்கு ரோஸ் கலர் அடித்ததும், மகள் ரிஸ்னா மன்னார் டவுனில் கொம்பியூட்டர் வகுப்புக்குச் சேர்ந்ததும் இதே மாதிரித்தான். ரிஸ்னாவின் ஸ்கூட்டிக்கு மட்டும் அவர் பகல் வெளிச்சத்திலேயே முடியாது என்று சொல்லிவிட்டார். "விடு பிள்ளை, வாப்பாட்ட நான் ஆறுதலாக் கேக்கிறன்," என்று ஸரீனா மகளைத் தேற்றியிருந்தாள்.

முதலில் இடது பெட்டிகளையும் வலது பெட்டிகளையும் மாற்றி வைத்தார். வண்டு வலப்பக்கமே சுற்றியது. வயர்களை மாற்றிக் குத்தினார். அப்போதும் வலப்பக்கம்தான். பெட்டி மாறினாலும் வயர் மாறினாலும் சத்தம் மட்டும் இடம் மாறாதாம், இதென்ன அதிசயம்? முனவ்வருக்கு எரிச்சல் போய், அறியும் ஆசை பற்றிக்கொண்டது.

"அலுமாரிதான் சத்தத்தைக் குடிக்குது."

பத்தடிக்கு ஒன்பதடி அறை. அலுமாரியை வெளியே தள்ளியதில் அது கதவு நிலையில் சிக்கிக்கொண்டது. அரை மணித்தியாலம் முனவ்வர் அறைக்குள்ளே, குடும்பம் வெளியே. பகல் சாப்பாடு ஜன்னல் கம்பிக்குள்ளால் போனது. ஒருவழியாக அலுமாரி கதவு நிலையின் ஒரு துண்டையும் பெயர்த்துக்கொண்டு ஹோலுக்குப் போய், தையல் மெஷின்களின் நடுவே நின்றது.

வண்டு இன்னும் அரை வட்டம்தான்.

"மிச்சம் இருக்கிறது கட்டில்தான். தலைமாட்டுப் பலகை பின் பெட்டியை மறைக்குது. கட்டிலைத் தலைமாடு கால்மாடாத் திருப்பிப் போடவேணும்."

"கட்டிலில கை வைக்காதீங்கோ!"

அலுமாரிக்குப் பேசாதவள் கட்டிலுக்குப் பாய்ந்தாள்.

"ஏன்?"

"கால், தொழுகிற கிப்லாப் பக்கம் போகும்."

"கட்டில் வடக்குத் தெற்காக் கிடக்கு. தலைமாடு மாறினாலும் கால் மேற்கே போகாது."

ஸரீனா தலையைக் குனிந்துகொண்டாள். "திருப்பினா, சுவரோரம் படுக்கிற நான் உங்கட வலப்பக்கம் வந்திடுவன். எனக்கு இடப்பக்கம் படுத்தாத்தான் நித்திரை வரும். நெஞ்சு இருக்கிற பக்கம்."

முனவ்வர் உருகிப்போனார். கலியாணமான புதிதில் அவள் வலப்பக்கம்தான் படுத்தாள். எப்போது மாறினாள் என்று அவருக்கு ஞாபகமில்லை. இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகும் இப்படியொரு பாசம் யாருக்குக் கிடைக்கும்? கண் கலங்கியது. ஆனாலும் வண்டு விடவில்லை. அவள் கடைக்குப் போன நேரம் பார்த்துக் கட்டிலைத் திருப்பிப் போட்டுவிட்டார்.

திரும்பி வந்த ஸரீனா கட்டிலைப் பார்த்தபடி சிலையாக நின்றாள். வண்டோ முன்போலவே வலப்பக்கம் பறந்தது.

கடைசியில் கரண்ட் வேலை செய்கிற யசோதரனைக் கூப்பிட்டார்கள். முனவ்வரை அண்ணன் முறை வைத்து 'நானா' என்பான். அவன் அதே கதிரையில் இருந்து, கண்ணை மூடி, முழுதும் கேட்டான்.

"நானா, வண்டு வடிவாச் சுத்துது."

"உனக்குச் சுத்துது. எனக்குச் சுத்தேல்லையே!"

யசோதரன் கதிரையை விட்டு எழும்பினான். "ஒருக்கா டீவிக்கு முதுகைக் காட்டி இருங்கோ."

முனவ்வர் கதிரையைத் திருப்பிப் போட்டு இருந்தார். இதுவரை இடப்பக்கம் இருந்த வாசல் இப்போது வலப்பக்கம் வந்தது. வண்டு பறந்தது.

"அட! செத்த பெட்டி உயிர்த்திட்டுது! நல்ல பெட்டி செத்துப்போச்சு!"

யசோதரன் செட்டை நிறுத்தினான். அவருடைய இடது தோளருகே குனிந்து ஏதோ மெல்லச் சொன்னான்.

"என்ன முணுமுணுக்கிறாய்?"

அவன் வலப்பக்கம் வந்தான். "பெட்டியில ஒரு பிழையுமில்லை நானா. உங்கட இடது காதுதான் கேக்கேல்லை."

முனவ்வர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. ஏழு வருஷத்துக்கு முந்திய கடைசிக் குளிப்பு ஞாபகம் வந்தது. ஆழத்தில் காதுக்குள் 'டப்' என்று ஒன்று. மேலே வந்ததும் ஒரு சொட்டு இரத்தம். தண்ணீர் போயிருக்கும் என்று துடைத்துவிட்டு வள்ளத்தில் தேத்தண்ணி குடித்தார். ஏழு வருஷமாகப் பாதிச் சத்தத்தோடுதான் வாழ்ந்திருக்கிறோம் என்று நினைக்க மனம் கனத்தது. ஜுனைட்டின் பெட்டியில் குறையில்லை என்பது மட்டும் ஆறுதல். பாவம் ஸரீனா, இதைக் கேட்டால் துடித்துப்போவாளே!

வாசலில் ஸரீனாவும் ரிஸ்னாவும் நின்றார்கள். ஸரீனா துடிக்கவில்லை. கட்டிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வாப்பா கதிரையில் இருந்தால் வாசலில் நின்று எதையும் குசுகுசுக்கலாம் என்று பழகிப்போன ரிஸ்னா, கதிரை திரும்பியிருப்பதை மறந்து உம்மாவின் தோளைச் சுரண்டிக் குசுகுசுத்தாள்.

"உம்மா, கட்டிலும் திரும்பிட்டுது... இனி என்ட ஸ்கூட்டிக் கதையை ராவு வாப்பாட்ட எந்தக் காதில கேக்கப் போறீங்கள்?"