மூஞ்சியில மாட்டின இழுவை ராடு

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். மிலிட்டரி லாரிக்கு ஒரு இழுவை ராடு மாட்டணும். லாரி முதுகுல மூட்ட ஏத்த தொட்டி கெடையாது, வெறும் சட்டம்தான்; அதனால ராடுல டிரைலரைக் கோத்து, காத்திவாக்கம் உப்பளத்துலேர்ந்து உப்பு மூட்டைய ராயபுரத்துக்குக் கொண்டாரணும். அவ்ளோதான்.

லாரி எங்க முதலாளி அண்ணாச்சியோடது. தெக்கத்திக்காரரு, ராயபுரத்துல உப்பு மண்டி வெச்சிருந்தாரு. சண்ட முடிஞ்சதும் வெள்ளக்காரன் தனக்கு வாணாம்னு ஒதுக்கின சாமானையெல்லாம் ஏலம் வுட்டான் பாருங்க, அதுல லாரி, டிரைலர், ராடு மூணையும் எடுத்துகினு வந்துட்டாரு. அவனே வாணாம்னு தள்ளினத நாம கூட்டியாந்து, சந்தனம் குங்குமம் வெச்சி, சக்கரத்துல எலுமிச்சம்பழம் நசுக்கினோம். நம்ம புத்தி அப்படி.

நான் அப்ப மண்டில மூட்ட தூக்கறவன். லாரி வந்த அன்னைக்கே, "அண்ணாச்சி, சண்டைல நான் மிலிட்டரி லாரி ஓட்டினவன்"னு ஒரு புளுகு வுட்டுட்டேன்.

பட்டாளத்துல இருந்தது நெசம். ஆவடி முகாம்ல ரெண்டு வருஷம், சமையக்கட்டுல. லாரியெல்லாம் ஜன்னல் வழியா பாத்துகினு இருந்ததுதான். ஓட்டக் கத்துகினது அப்பறம், ஒரு தோஸ்து கிட்ட, அரைகொறையா.

அண்ணாச்சி நம்பிட்டாரு. ஆனா வியாபாரி ஆச்சே, முழுசா நம்புவாரா?

"ஏ மாணிக்கம், சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஸ்டேஷன்ல கூட்ஸ் வேகனை எடுத்துருவான். அதுக்குள்ள உப்பு வந்தா டிரைவர் சீட்டு ஒனக்கு. வரலன்னா தூத்துக்குடிலேர்ந்து எங்க அக்கா மவன் வாரான். நீ பழையபடி மூட்டையத் தூக்குலே."

"வந்துரும் அண்ணாச்சி"ன்னேன். வூட்ல பொண்டாட்டி கிட்டயும் டிரைவர் ஆயிட்டேன்னே சொல்லிட்டேன். அவ கொழாயடில சொல்லிட்டா. அதுக்கப்பறம் மூட்ட தூக்கினு தெருவுக்குள்ள போவ முடியுமா?

காலைல திருவொத்தியூர்ல கரீம் பாயோட இரும்புப் பட்டறைக்குப் போனேன். அந்த ராடு ரெண்டு கால விரிச்சிகினு இருக்கும், கோடில ஒரு வளையம். ரெண்டு காலையும் லாரிக்குப் பின்னாடி வெச்சிப் பாத்தோம். எங்கயும் ஒக்காரல. முன்னாடி பம்பர்ல வெச்சேன். ரெண்டு வளையம் ரெடியா கீது, அளவெடுத்தாப்ல ஒக்காந்துகிச்சி.

பாய் தலைய சொறிஞ்சாரு. "இன்னாப்பா, இழுக்கறது பின்னாடி தான? நான் பின்னாடி ஓட்டை போட்டுத் தர்றேன். ரெண்டு மணி நேரம் குடு."

பொறுமையா குந்தியிருந்தா என் கதை அங்கயே முடிஞ்சிருக்கும். வாய் சும்மா இருந்தாத்தான?

"பாய், மிலிட்டரில மூஞ்சிலதான் மாட்டுவாங்கோ. நானே கண்ணால பாத்துகீறேன்."

"எதுக்கு மூஞ்சில?"

"அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது பாய்."

"உன் லாரி, உன் மூஞ்சி"ன்னு சொல்லிட்டு பாய் போல்ட்டை முறுக்கிட்டாரு.

உப்பளத்துல டிரைலர் நின்னுகினு இருந்துச்சி. மொத நாளே மாடு கட்டி இழுத்தாந்து வுட்டிருந்தாங்கோ. கூட மூட்ட தூக்கற எல்லப்பன் அங்க காத்துகினு இருந்தான். ரெண்டு பேருமா கோத்தோம், இருவது மூட்டைய ஏத்தினோம். நான் சீட்ல குந்தி கியரைப் போட்டேன்.

டிரைலர் எனக்கு முன்னால நேரா உருளும்னு நெனச்சேன். அது பத்தடி போச்சி, பக்கவாட்டுல திரும்பிச்சி, நேரா போயி உப்புக் குவியல் மேல ஏறிகிச்சி. கீழ எறக்கி மறுபடியும் தள்ளினேன். இந்தப் பக்கத்துக் குவியல்ல ஏறிச்சி.

உப்பளத்து மேஸ்திரி ஓடியாந்தாரு. "யோவ், நீ உப்பு வாங்க வந்தியா, உழுவ வந்தியா?"

எல்லப்பன் மெதுவா சொன்னான். "மாமு, சொன்னா கோச்சிக்காத. கயட்டிட்டு, பின்னாடி கயிறு கட்டி இழுத்துடலாம்."

ஒண்ணாங்கிளாஸ் தாண்டாதவனுக்குத் தோணின யோசனை, எட்டாங்கிளாஸ் வரைக்கும் போன எனக்குத் தோணல. தோணாட்டியும் போவுது, கேட்டுகினு இருக்கலாம் இல்ல? "கயிறா? மிலிட்டரி லாரிக்கா? மானம் போயிடும்டா"ன்னேன்.

மானத்தைக் காப்பாத்த ரிவர்ஸ் கியர் போட்டேன். லாரி பின்பக்கமா நவுந்துச்சி. டிரைலர் சமத்தா கூடவே வந்துச்சி.

"பாத்தியா? இதான் மிலிட்டரி முறை."

"ராயபுரம் வரைக்கும் இப்டியேவா மாமு?"

"இப்டியேதான்."

எல்லப்பன் லாரி வால்ல நின்னுகினு, "ஓரம், ஓரம்"னு கத்திகினே வந்தான். நான் கதவைத் தொறந்து தலைய வெளிய நீட்டிகினு, ஒரு தபா ரோட்டைப் பாத்தேன், ஒரு தபா டிரைலரைப் பாத்தேன். கழுத்து திருகாணி மாதிரி ஆயிடுச்சி. எர்ணாவூர்ல ஒரு மாட்டு வண்டி என்னைத் தாண்டிச்சி. வண்டிக்காரன் இறங்கி நடந்துகினே கேட்டான்: "நைனா, நீ போறியா, வர்றியா?"

நான் ஹாரனை அடிச்சி வெச்சேன்.

கொஞ்ச தூரத்துல ரெண்டு தடியனுங்க ஓடியாந்து டிரைலர்ல தொத்தினானுங்க. தலைய நிமித்தினா, கண்ணாடிக்கு அந்தாண்ட என் மூஞ்சி. ஒரு நிமிஷம் அவனுங்க என்னைப் பாத்தானுங்க, நான் அவனுங்களைப் பாத்தேன். பேசாம எறங்கிப் போயிட்டானுங்க. சிரிச்சிகினே போனானுங்க, அதான் வயித்தெரிச்சல்.

திருவொத்தியூர்ல ஒரு போலீஸ்காரர் கைய காட்டி நிறுத்தினாரு. ராடைக் குனிஞ்சி பாத்தாரு.

"இன்னாய்யா, வண்டி கெட்டுப் போச்சா?"

"இல்ல சார், நல்லா ஓடுது."

"ஓடற வண்டிக்கு எதுக்கு இதை மாட்டிகீற? நான் பர்மால இருந்தவன். இது செத்த லாரி மூஞ்சில மாட்டி, வேற லாரி இழுத்துகினு போறதுக்கு. நீ எந்தப் பட்டாளம்?"

"சமையல் சார்."

அவரு ராடைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. தொப்பியை எடுத்தாரு, தலைய தொடச்சாரு, "போ"ன்னுட்டாரு. திட்டியிருந்தா தேவல.

அப்பதான் எனக்கு வெளங்கிச்சி. ஜன்னல் வழியா நான் ரெண்டு வருஷமா பாத்ததெல்லாம் ரிப்பேருக்கு இழுத்துகினு போன பொணம். நான் அதைப் பாத்து டிரைவிங் கத்துகினு இருந்திருக்கேன்.

ராயபுரம் மண்டி வாசலுக்கு வந்து சேர்றப்ப மணி நாலரை. தெருவுல மொதல்ல லாரி வாலு வந்துச்சி, அப்பறம் நான், கடைசியா டிரைலரு. அண்ணாச்சி வாசல்ல நின்னு பாத்துகினு இருந்தாரு. சீட்டு போச்சி, தூத்துக்குடிக்கு தந்தி போவப் போவுதுன்னு நெனச்சேன். நாமளே உண்மைய சொல்லிடலாம்னு கீழ எறங்கினேன்.

"அண்ணாச்சி, ஒரு விஷயம்..."

"பேசாம இருலே." டிரைலரைச் சுத்தி வந்தாரு. ஒவ்வொரு மூட்டையா தட்டி எண்ணினாரு. மறுபடியும் எண்ணினாரு. அப்பறம் என் தோளைப் புடிச்சாரு.

"இருவதும் முழுசா இருக்குலே. அந்த ரோட்டுல எந்த வண்டி வந்தாலும் ரெண்டு மூட்டைய உருவிருவானுவ. முதுகுக்குப் பின்னால நடக்கது எந்த டிரைவருக்குத் தெரியும்? நீ கண்ணு முன்னாலயே வச்சுக் கொண்டாந்திருக்க. பட்டாளத்து மூளையே தனிதாம்லே."

எல்லப்பன் வாயைப் பொத்திகினு அந்தப் பக்கம் திரும்பிட்டான்.

"சீட்டு ஒனக்குத்தான்"னாரு அண்ணாச்சி. "ஆனா ஒண்ணு, இனிமே இந்த வண்டி இப்படித்தான் போவணும். ராடை எவனாவது பின்னால மாத்துனான்னா அன்னையோட அவனுக்கு வேலை கெடையாது."

உண்மைய சொன்னா சீட்டு போவும், சொல்லலேன்னா கழுத்து போவும். வாழ்க்கைல ஒரே ஒரு தபா வாய மூடினேன், அது அப்பதான்.

எட்டு மாசம் அந்த லாரிக்கு நான்தான் டிரைவரு. ஒரு நாள் கூட முன்கியர் போடல.