மாடியில் ஒரு எஞ்சினியர்

நாவலில் கிளைக்கதை கூடாது. முடிவு செய்துவிட்டேன்.

பாலம் என்றால் இந்தக் கரையில் ஏறி அந்தக் கரையில் இறங்க வேண்டும். நடுவில் சித்தி வீட்டுக்கு ஒரு வழி, தையல்கடைக்கு ஒரு வழி என்று பிரித்தால் வண்டி ஆற்றுக்குள்தான் போகும். உத்தியோகத்தில் இருந்த காலமெல்லாம் பாலம் கட்டியவன் நான். எனக்குத் தெரியும்.

ஓய்வு பெற்றதும் நாவல் எழுதினேன். கதாநாயகன் ஓர் எஞ்சினியர். நேர்மையானவர். அதிகம் பேசமாட்டார். அது நான் இல்லை. அவர் மீசை என்னுடையதைவிடப் பெரியது. அவர் ஓர் ஆற்றின் குறுக்கே பாலம் கட்டுகிறார். அவ்வளவுதான் கதை.

பதிப்பாளருக்கு அனுப்பினேன். போன் வந்தது.

"பாதியாக் குறைங்க சார். குறைச்சாப் போடறேன். இல்லேன்னா மன்னிச்சுக்குங்க."

"படிச்சீங்களா?"

"தூக்கிப் பார்த்தேன் சார்."

எதைக் குறைப்பது? யோசிக்கவே வேண்டாம். எஞ்சினியரின் சட்டையை யாராவது வெளுக்க வேண்டுமே என்று கீழ்வீட்டில் ஒரு சலவைக்கடை வைத்திருந்தேன். கடைக்கு ஆள் வேண்டுமே என்று கணவனை இழந்த ஒரு பெண்ணை உட்கார வைத்தேன். அதுதான் தப்பு. பின்னாலேயே அவளுடைய நாத்தனார் வந்தாள். நாத்தனாரோடு சண்டை வந்தது. எதிர்க்கடையில் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவன் ஒருவன் வந்தான். கடிகாரத்தை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். எஞ்சினியர் முதல் தூணை எழுப்புவதற்குள் இந்தக் கும்பல் பாதிப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டது. சுத்த ஆக்கிரமிப்பு. ஆக்கிரமிப்பை என்ன செய்வது என்று எனக்கா தெரியாது?

டைப் அடிப்பது என் மனைவி. ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள். என் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். மை காய்ந்துவிட்டால் எனக்கே புரியாது.

கூப்பிட்டேன். வந்தவள் முதலில் என் சட்டைப்பையைப் பார்த்தாள். பேனா கசிந்திருந்தது.

"இன்னிக்கும் மையா? நேத்துத்தானே துவைச்சேன்."

"சட்டையை விடு. சலவைக்கடைக்காரியை வெட்டணும்."

"ஐயையோ! அவ என்னங்க பண்ணினா?"

"பாதிப் புத்தகத்தைத் தின்னுட்டா. அவ கிளைக்கதை. கிளைக்கதை கூடாது."

"எதிர்வீட்டு டீச்சரம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது? கடிகாரக்காரன் வாயைத் திறந்தானா இல்லையான்னு காத்துக்கிட்டிருக்காங்க."

"அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

"துணி காயப்போடும்போது தினம் கொஞ்சம் கொஞ்சமாச் சொல்லிட்டு வர்றேனே."

"எஞ்சினியரைப் பத்திச் சொன்னியா?"

"அவரைப் பத்தி என்ன இருக்கு? சிமெண்ட் வந்துச்சு. கலந்தாரு. கம்பி வந்துச்சு. கட்டினாரு."

"அதுதான்டி நாவல்!"

"அது பில்லுங்க."

எனக்குக் கோபம் வந்தது.

"உன் பேச்சு மாதிரியே நாவலும் இருக்கணும்னு பார்க்கிறே. வெந்நீர் ஆச்சான்னு கேட்டா, உங்க அக்கா மருமக, அவ தம்பிக்குப் பார்த்த பொண்ணு, அந்தப் பொண்ணோட பல்லுன்னு சுத்திட்டுத்தான் வருவே."

"கடைசியில வெந்நீர் கிடைச்சுதா இல்லையா?"

"பச்சைத்தண்ணியாக் கிடைச்சுது."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சரிங்க. எதை வெட்டணும்னு கோடு போட்டுக் கொடுங்க."

"இதுக்குக்கூடவா கோடு? எது போனா ஒருத்தரும் தேட மாட்டாங்களோ, அது கிளைக்கதை. அதை வெட்டு. மிச்சத்தை அனுப்பு."

"எது போனா ஒருத்தரும் தேட மாட்டாங்களோ."

"ஆமா."

"அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது."

"மாட்டேன். போ."

போனாள். முணுமுணுக்காமல் போனாள். கல்யாணம் ஆனதிலிருந்து அப்படி ஓர் அமைதியை நான் பார்த்ததில்லை. பாலம் அப்படிச் சத்தமில்லாமல் நின்றிருந்தால், விரிசல் எங்கே என்று டார்ச் அடித்துத் தேடியிருப்பேன். பெண்டாட்டிதானே என்று விட்டுவிட்டேன்.

அனுப்பியதை நான் படித்துப் பார்க்கவில்லை. கட்டின பாலத்தைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறவன் எஞ்சினியர் இல்லை. சந்தேகப் பிராணி.

மறுமாதம் பதிப்பாளர் போன் செய்தார்.

"சார்! என்ன சார் இப்படி எழுதிட்டீங்க! அடுத்த வாரமே அச்சுக்குப் போகுது. பிழை திருத்துறவர் அழுதுட்டாரு சார். அழுததுல திருத்தவே மறந்துட்டாரு."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"பாலம் திறக்கிற இடம்தானே?"

"எந்தப் பாலம் சார்?"

போனைக் காதோடு அழுத்தினேன்.

"அந்த நாத்தனார் கடைச் சாவியை அவ கையில கொடுத்துட்டுத் திரும்பிப் பார்க்காமப் போறாளே, அந்த இடம்! அப்போ எதிர்க்கடையில எல்லாக் கடிகாரமும் ஒண்ணா அடிக்குதே! எப்படி சார் தோணுச்சு?"

பல்வலியில் எழுதிய அத்தியாயம் அது. சொல்லவில்லை. போனைக் கையால் பொத்திக்கொண்டு கத்தினேன்.

"என் எஞ்சினியர் எங்கேடி?"

மனைவி நிதானமாக வந்தாள்.

"எது போனா ஒருத்தரும் தேட மாட்டாங்களோ அதை வெட்டச் சொன்னீங்க."

"நான் தேடுறேனே!"

"நீங்க எழுதினவரு. உங்களைக் கணக்குல சேர்க்க முடியாது. நான் தேடலை. டீச்சரம்மா தேடலை. இதோ, போன்ல இருக்கிறவரும் தேடலை."

"மொத்தமாவா வெட்டிட்டே?"

"சேச்சே! மனசு கேட்குமா? நடுவுல ஒரு வரி விட்டுவச்சிருக்கேன். மாடியில ஒரு எஞ்சினியர் குடியிருந்தார், அதிகம் பேசமாட்டார்னு."

ஆற்றையே வெட்டிவிட்டாள். ஒரு துளி மீதி வைத்திருக்கிறாள்.

"சார், லைன்ல இருக்கீங்களா?" பதிப்பாளர் விடவில்லை. "ஒரே ஒரு சந்தேகம். மாடியில யாரோ ஒரு எஞ்சினியர் வர்றாரு. ஒரு வரி. அப்புறம் ஆளையே காணோம். கதையோட ஒட்டாத கிளை. எடுத்துடலாமா?"

"ஐயா! எடுக்காதீங்க!" என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. "கிளையே இல்லாம அது என்ன மரம்? கிளைக்கதை இருந்தாத்தான்யா நாவல்!"

"இருக்கலாம் சார். ஆனா இவரால அந்த வீட்டுக்கு என்ன பிரயோஜனம்?"

யோசித்தேன். பதில் தேடிச் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவினேன். மைதான் வந்தது.

மனைவி என் சட்டைப்பையை ஒரு பார்வை பார்த்தாள். போனைக் கையிலிருந்து வாங்கினாள்.

"தம்பி, அவரு பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும். சலவைக்கடை நடக்கணும்னா, சட்டையை அழுக்காக்க ஒருத்தர் வேணுமில்ல?"