மண்டபம் மூச்சை அடக்கியபோது

ஆமாம் சித்தப்பா, மைக்கைப் பிடுங்கியது அப்பாதான். ஊரெல்லாம் சுற்றுகிற அந்த வீடியோவில் பின்னால் பச்சை முழக்க அட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்பது நான். இரண்டும் உண்மை. கார்பன் வரம்புத் திட்டம் எழுதும் உங்கள் குழுவில் யாராவது “உங்க அண்ணனா?” என்று கேட்டிருந்தால் மன்னியுங்கள். நலம் விசாரிக்காமலே தொடங்கிவிட்டேன். சித்தியின் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் சுகம். ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

ஒவ்வொரு ஆலையும் இவ்வளவுதான் கரியமில வாயு விடலாம், அதைவிடக் குறைவாக விட்டால் மிச்ச அனுமதியை மற்ற ஆலைகளுக்கு விற்கலாம். உங்கள் திட்டத்தை உங்களுக்கே சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. ஆனால் அப்பா உலை பார்க்கும் கண்ணாடி ஆலையின் முதலாளி அதில் ஒரு படி மேலே போனார். உலையை அணைத்துவிட்டால் முழுவதும் மிச்சம். பாட்டில் விற்பதைவிட, பாட்டில் செய்யாததை விற்பது லாபம்.

“செய்யாத வேலைய எவன்டா வாங்குவான்?” அப்பா சுவரைப் பார்த்துக் கேட்டார்.

“நீங்க பாத்திரம் கழுவுறதில்லையே, அத வித்துப் பாருங்க,” என்றாள் அம்மா.

அப்பாவுக்கு அந்த உலை என்ன என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் கல்யாணத்துக்கே அதனால்தான் தாமதமாக வந்தார். மூட்டினால் ஆண்டுக்கணக்கில் எரியும். ஆறவிட்டால் உள்ளே கண்ணாடி இறுகி, செங்கல் வெடித்து, உலையே போய்விடும். நான் கார்பன் என்று வாயைத் திறந்தால் ஜன்னலுக்கு இழுத்துப் போவார். “எங்க புகை? காட்டு பாக்கலாம்.” புகைபோக்கிக்கு மேலே வானம் துடைத்துவைத்த மாதிரி இருக்கும். என்னிடம் பதில் இருந்தது. காட்டத்தான் எதுவும் இல்லை.

ஆலையை மூடுவது பற்றிய பொதுவிசாரணை அன்று மண்டபத்தின் வலப்பக்கம் தொழிலாளர்கள், இடப்பக்கம் கார்பனைக் குறைக்கச் சொல்லும் நாங்கள், நடுவில் அம்மா, மடியில் என் பை ஒன்று அப்பா பை ஒன்று. விசாரணை அதிகாரி நல்ல மனிதர், அப்பாவுக்கு உதவத்தான் கேட்டார், ஆர்டர் இல்லாத மாதங்களில் என்ன செய்வீர்கள் என்று, அப்பா பாட்டில் செய்வோம் என்றார், வாங்க ஆள் இல்லையே என்றார் அவர், உடைப்போம் என்றார் அப்பா, உடைத்து என்றார் அவர், உருக்குவோம் என்றார் அப்பா, உருக்கி என்றார் அவர், பாட்டில்தாங்க, வேற என்ன செய்ய, உலை ஆறக்கூடாதே என்றார் அப்பா, எங்கள் பக்கம் கைதட்டல், அப்பா பக்கம் தலையில் கைவைத்தல், முதலாளியின் வக்கீல் எழுந்து இதற்குத்தான் மூட வேண்டும் என்கிறோம் என்றதும் அப்பா பாய்ந்து மைக்கைப் பிடுங்கினார், நான் கார்பனைக் குறை என்று கத்தினேன், யாரை நோக்கிக் கத்தினேன் என்று இப்போதும் தெரியவில்லை.

அப்போதுதான் திரை.

மேடையோரம் ஒரு பெண் கேமரா வைத்திருந்தாள். கண்ணுக்குத் தெரியாத கரியமில வாயுவைக் கறுப்பாகக் காட்டுகிற கேமரா. ஆலைகளை எடுத்த படத்தைப் போட வந்தவள், இந்தக் களேபரத்தில் கேமராவை எங்கள் பக்கம் திருப்பிவிட்டாள்.

மேடைத் திரையில் ஒவ்வொரு வாயிலிருந்தும் ஒரு கறுப்பு இறகு. ஆதரிப்பவருக்கும் எதிர்ப்பவருக்கும் ஒரே இறகு. அவை மேலே போய்க் கலந்தன. கூரைக்குக் கீழே எங்கள் எல்லோருக்கும் ஒரே மேகம். மூச்சு இந்தக் கணக்கில் வராது, படித்திருக்கிறேன். இருந்தாலும் என் முழக்கம் என் வாயிலிருந்து கறுப்பாகப் போவதைப் பார்த்தேன். அழகாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

“யாரும்மா அது, முன்னால?” மைக்கிலேயே கேட்டார் அப்பா.

“நீங்கதான் சார்,” என்றாள் கேமராக்காரப் பெண்.

அப்பா வாயை மூடி மூச்சை அடக்கினார். அவர் இறகு நின்றது. பக்கத்தில் நின்றவர் அடக்கினார். பிறகு வரிசை வரிசையாக. யாரும் சொல்லவில்லை. திரை மெல்ல வெளுத்தது. பல்கலைக்கழக நூலகத்திலும் நான் அப்படி ஓர் அமைதியைக் கேட்டதில்லை. இரு கட்சிகளும் சேர்ந்து கார்பனைக் குறைத்தது அந்தச் சில நொடிகளில்தான்.

“போதுங்க, மயங்கி விழப்போறீங்க!”

மண்டபத்தின் சரியான நடுவிலிருந்து ஒரு கறுப்புப் பொட்டு. அம்மா. மண்டபம் வெடித்துச் சிரித்தது, திரை இருண்டது, அதிகாரி விசாரணையை ஒத்திவைத்தார்.

அதனால் ஒரு வேண்டுகோள். வரம்பு வேண்டும், நான் மாறவில்லை. ஆனால் உலையை அணைத்தவன் அந்த மிச்சத்தை விற்கக் கூடாது என்று உங்கள் அறிக்கையில் ஒரு வரி சேருங்கள். அந்த ஒரு வரியில் அப்பாவின் உலை பிழைக்கும். இதில் மட்டும் நானும் அவரும் ஒரே பக்கம். அவருக்குத் தெரிய வேண்டாம்.

உங்களுக்கும் சித்திக்கும் மூச்சு முட்டாத நாள்கள் அமையட்டும். அம்மா உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். அப்பா சொல்லச் சொன்னதை எழுத முடியாது.

அன்புடன்,
அண்ணன் மகள்

பின்குறிப்பு: அணைத்தவன் விற்கக் கூடாது என்ற அந்த வரியை அடித்துவிடுங்கள்.

இன்று காலை கேமராக்காரப் பெண் ஆலை வாசலுக்கு வந்தாள். அப்பாதான் கூப்பிட்டாராம். “என் உலையக் காட்டும்மா.” கேமராத் திரையில் காட்டினாள். துடைத்துவைத்த அந்த வானத்தில் ஒரு கறுப்பு ஆறு நிமிர்ந்து எழுந்தது. எங்கள் தெருவுக்கு மேல் வளைந்து, எங்கள் மொட்டைமாடித் துணிக்கொடியைத் தாண்டி, திரைக்கு வெளியே போய்க்கொண்டே இருந்தது. அப்பா ஹெல்மெட்டைக் கழற்றினார்.

“இதையா நான் பாத்துக்கிட்டிருந்தேன்?” வருத்தமா, பெருமையா, தெரியவில்லை. “எவ்ளோ பெருசு!”

பிறகு என்னிடம் பேசினார். “கரண்ட் உலைன்னா இதுல பாதிகூட வராதாமே? சின்னவனுக்கு எழுது. அணைக்கிறவன் விக்கட்டும். ஆனா வித்த காசுல அதே எடத்துல கரண்ட் உலை வெச்சாகணும்னு போடச் சொல்லு. அணைக்கிற அன்னைக்கு நான்தான் அணைப்பேன். அதையும் எழுது.”

“அந்தக் கரண்ட் எத எரிச்சு வருதுன்னு உன் சித்தப்பாவக் கேளு,” என்றாள் எங்களோடு வந்திருந்த அம்மா. கேட்டுவிட்டேன்.

வாசலில் நின்றுதான் இதை எழுதினேன். அப்பா இன்னும் மேலே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் கையிலிருந்த ஹெல்மெட்டை வாங்கி வைத்துக்கொண்டேன்.