குறுக்குக் குழாய் யாருக்கு?

கோல் கம்பத்துக்கு மஞ்சள் வண்ணம் பூசி முடிப்பதற்குள் ஆர்லோ பெர்க்மன் முதல் வாக்கைக் கொடுத்துவிட்டார்.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் மெர்ல் ட்ராஸ்க், ஊருக்கு மேற்கே மாடு வளர்ப்பவர். வேறு வேலையாகப் போனவர், ஏணி ஆடுவதைப் பார்த்து வண்டியிலிருந்து இறங்கி வந்திருந்தார்.

"ஏம்ப்பா ஆர்லோ, அந்தக் குறுக்குக் குழாய் எத்தனை அடி?"

"பதினெட்டரை."

"நல்ல கனமான இரும்பா இருக்கே. என் கன்னுக்குட்டிப் பட்டிக்கு இப்படி ஒண்ணுதான் தேடிட்டிருக்கேன். நீங்க ஜெயிச்சா ஜனங்க மைதானத்துல இறங்கி, கம்பத்தைச் சாய்ச்சு, தோள்ல தூக்கிட்டு ஊர்வலம் போவாங்கல்ல? அப்புறம் குழாயை என்ன செய்வீங்க?"

ஆர்லோ தூரிகையை நிறுத்தினார்.

சீடர் ஃபோர்க் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி தொடர்ந்து இருபத்தேழு ஆட்டங்களில் தோற்றிருந்தது. மூவாயிரம் பேர் உட்காரும் அரங்கில் போன சனிக்கிழமை எண்பத்து மூன்று பேர். அதிலும் பாதி எதிரணிப் பையன்களின் பெற்றோர். "கடைசி உள்ளூர் ஆட்டத்துக்காவது ஆயிரம் பேர் வரவில்லையென்றால் கால்பந்தை மூடிவிடுவோம்" என்று கல்லூரித் தலைவர் விட்டேக்கர் சொல்லிவிட்டார். மூடினால் அறுபத்திரண்டு பையன்களும் கலைந்து போவார்கள். அவர்களில் பலரை வேறு எந்தக் கல்லூரியும் கூப்பிட்டதில்லை. இருபத்தாறு வருடங்களாக அந்த மைதானத்தில் புல் வெட்டிக் கோடு போடுகிற ஆர்லோவுக்கு, எந்தப் பையனுக்கு எந்த முழங்கால் வலிக்கும் என்பதுகூடத் தெரியும்.

"எல்லா ஆட்டத்துக்கும் வந்து உட்காரு மெர்ல். ஜெயிச்சா குழாய் உனக்குத்தான்."

"ஜெயிச்சா!" மெர்ல் ஏணி அதிரச் சிரித்தார். "அதுக்குள்ள என் கன்னுக்குட்டி பாட்டியாயிடும்."

ஆனாலும் சனிக்கிழமை வந்தார். மனைவியையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

ஆர்லோ மலைத்துப் போனார். இலவசத் தொப்பி கொடுத்துப் பார்த்தும் வராத சனம், ஒரு குழாய்க்கு வருகிறது!

ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் பாஸ்டர் இங்க்ரிட் அவரை மடக்கினார். "ஆர்லோ, கம்பம் சாஞ்சா அந்தக் குறுக்குக் குழாயை சர்ச்சுக்குக் குடுங்களேன். பிள்ளைங்க ஊஞ்சல் கட்ட வாகா இருக்கும்."

அப்போதுதான் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வாக்குத் தவறாமையைப் பற்றிப் பாடம் நடத்திவிட்டு வந்திருந்தார் ஆர்லோ. குழாய் மெர்லுக்குப் போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஊஞ்சல் வேண்டாம் என்று ஒரு போதகரிடம் எப்படிச் சொல்வது?

"நீங்க ஆட்டத்துக்கு வருவீங்களா பாஸ்டர்?"

"குடும்பத்தோட வர்றேன்."

"அப்ப உங்களுக்குத்தான்."

எப்படியும் ஜெயிக்கப் போவதில்லையே என்று மனதைத் தேற்றிக்கொண்டார். இதில்தான் ஒரு சின்னப் பாவம் ஒளிந்திருந்தது. தன் பையன்கள் தோற்பார்கள் என்ற நம்பிக்கையின் மேல் கொடுத்த வாக்கு அது.

அதன்பிறகு நிறுத்த முடியவில்லை. இடது கம்பம் தீயணைப்புக்காரர்களுக்கு, ஈரக் குழாய்களைத் தொங்கப்போட. அதே இடது கம்பம் ஆரம்பப் பள்ளிக்கு, கொடி ஏற்ற. வலது கம்பம் முடிதிருத்துபவருக்கும் பந்துருட்டும் கூடத்துக்காரருக்கும். வடக்கு முனை தீர்ந்ததும் தெற்கு முனைக் கம்பங்களுக்கும் வண்ணம் பூசினார். அவையும் ஒரே வாரத்தில் போயின. சிக்கலை அவிழ்க்கலாமென்று, "ஆளுக்கு ஒரு அடி வெட்டித் தர்றேன்" என்று ஒருவரிடம் சொன்னார். ஒரு அடி போதும் என்று இன்னும் நாலு பேர் வந்து நின்றார்கள். கடைசியில் மொத்தம் பத்தொன்பது வாக்குகள்.

ஒரு நல்ல காரியம் மட்டும் தவறாமல் செய்தார். வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரு பையனை ஒப்படைத்தார்.

"அந்த அம்பத்து நாலாம் நம்பர் இருக்கானே, டேரன். அவங்க அம்மாவுக்கு சனிக்கிழமையும் வேலை, வர முடியாது. நீ அவன் பேரைச் சொல்லிக் கத்து மெர்ல்."

"கத்துறதா? நானா? நான் மாட்டைக் கூப்பிடுற ஆளு."

"அப்படியே கூப்பிடு."

மெர்ல் அப்படியே கூப்பிட்டார். மைதானத்தின் மறுமுனையில் டேரன் நின்று திரும்பிப் பார்த்தான். தன் பெயரை அரங்கிலிருந்து யாரோ கூப்பிடுவது அவனுக்கு அதுதான் முதல் தடவை. அடுத்த பந்துக்கு அவன் ஓடிய ஓட்டத்தில் எதிரணிக்காரன் ஒருவன் தலைக்கவசத்தோடு வேலியில் போய் உட்கார்ந்தான்.

எண்பத்து மூன்று இருநூற்று நாற்பதாயிற்று. பிறகு அறுநூறு. பத்தொன்பது குடும்பங்கள் எப்படி அறுநூறு ஆயின என்பது ஆர்லோவுக்குப் புரியவில்லை. ஆண்டவருடைய கணக்கு வேறு என்று விட்டுவிட்டார். அதற்குள் வேறொரு கவலை முளைத்திருந்தது. நாற்பது பாயிண்ட் வித்தியாசத்தில் தோற்ற அணி இருபதில் தோற்றது. அடுத்ததில் மூன்றே மூன்றில்.

"பசங்க பறக்குறானுங்க ஆர்லோ!" பயிற்சியாளர் டீக் அவர் தோளைக் குலுக்கினார். "கடைசி ஆட்டத்துல ஜெயிச்சிடுவோம்! ஏன் முகம் இப்படி வெளிறிக் கிடக்கு?"

"ஒண்ணுமில்ல கோச். சந்தோஷம்."

கடைசி ஆட்டத்தன்று காலை புல்வெட்டி நிறுத்தும் கொட்டகையில் ஆர்லோ முழந்தாளிட்டார். கூட்டமில்லாவிட்டால் பையன்கள் போய்விடுவார்கள். கூட்டம் வந்து ஜெயித்துவிட்டால், ஊர் முழுவதற்கும் முன்னால் அவர் பொய்யர். மெதுவாகச் சொன்னார்: "ஆண்டவரே, ஆயிரம் பேர் வரட்டும். ஆனா ஒரே ஒரு பாயிண்ட்ல தோத்துடட்டும்."

காப்பிக் குடுவையோடு வந்த மனைவி லோயிஸ் வாசலிலேயே நின்றுவிட்டாள். "சொந்த டீம் தோக்கணும்னு கடவுள்கிட்ட பேரம் பேசுற ஒரே ஆள் நீங்கதான். போய் உண்மையைச் சொல்லிடுங்க."

"ஆட்டம் முடியட்டும் லோயிஸ். இப்ப சொன்னா எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போயிடுவாங்க."

அன்று ஆயிரத்து நூற்று நாற்பது பேர் வந்தார்கள். பனிக்காற்றில் கம்பளி போர்த்திக்கொண்டு, அறுபத்திரண்டு பெயர்களையும் மாற்றி மாற்றிக் கத்தினார்கள். விட்டேக்கர் இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, "அடுத்த வருஷமும் உண்டு" என்று டீக்கின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆர்லோவின் கண்ணில் நீர் வந்தது. இனி தோற்றால் போதும்.

பதினாலுக்குப் பன்னிரண்டு என்று பின்தங்கியிருந்தார்கள். நான்கு வினாடி பாக்கி. இரண்டு கம்பங்களுக்கும் நடுவே குறுக்குக் குழாயைத் தாண்டிப் பந்தை உதைத்தால் மூன்று பாயிண்ட். உதைக்க வந்தவன் ஒல்லிப் பையன் வெஸ்லி. வாழ்க்கையில் அவ்வளவு தூரம் அவன் உதைத்ததே இல்லை. பந்து காற்றில் தள்ளாடிப் போய், வடக்கு முனையின் இடது கம்பத்தில் 'டங்'கென்று மோதி, குறுக்குக் குழாயில் விழுந்து, ஒரு கணம் யோசித்து, அந்தப் பக்கம் உருண்டது.

பதினைந்துக்குப் பதினாலு. ஒரு பாயிண்ட் வித்தியாசம் என்ற கோரிக்கையை ஆண்டவர் அப்படியே நிறைவேற்றியிருந்தார். எந்தப் பக்கம் என்பதில்தான் கருத்து வேறுபாடு.

அரங்கம் காலியாகி மைதானத்தில் கொட்டியது. பையன்களைத் தூக்கினார்கள், கட்டிப்பிடித்தார்கள். டேரனை இறுக்கிக்கொண்டு மெர்ல் கன்றுக்குட்டிபோலவே கத்தினார். பிறகு கூட்டம் முழுவதும் வடக்கு முனையை நோக்கித் திரும்பியது.

ஆர்லோ கம்பத்தின் கீழே போய் நின்றார். வரட்டும். வந்து கேட்கட்டும்.

ஆனால் இருபதடி தூரத்தில் கூட்டம் நின்றுவிட்டது. கையில் கயிறு வைத்திருந்தவர்கள் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்கள். ஒருவரும் கம்பத்தைத் தொடவில்லை. தீயணைப்புக்காரர் வானத்தைப் பார்த்தார். முடிதிருத்துபவர் தன் காலணியைப் பார்த்தார்.

அந்த மௌனம் ஆர்லோவைச் சுட்டது. தெரிந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தார். தொப்பியைக் கழற்றினார்.

"நான் ஒரு விஷயம் சொல்லணும். இந்தக் கம்பங்களை நான் பத்தொன்பது பேருக்கு வாக்குக் குடுத்திருக்கேன். குறுக்குக் குழாயை மட்டும் அஞ்சு பேருக்கு. நீங்க வரணும்னுதான் சொன்னேன். ஆனா அது பொய்தான். என்னை மன்னிச்சிடுங்க."

பாஸ்டர் இங்க்ரிட் முகம் சிவந்து, இரண்டடி முன்னால் வந்து, தொண்டையைச் செருமினார்.

"தொப்பியைப் போடுங்க ஆர்லோ, எனக்குக் குடுத்த குழாயை நானே அறுபது பேருக்கு வாக்குக் குடுத்துத்தான் கூட்டிட்டு வந்திருக்கேன்... மெர்ல், நீங்க எத்தனை பேருக்கு?"