நெட்டையருக்கு நன்றி

புத்தகம் அச்சுக்குப் போகவேண்டிய நாளில்தான் பேராசிரியருக்கு அது உறைத்தது.

"அந்த மூணாவது அத்தியாயம் என்னோடது இல்ல!"

பிழை திருத்திக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "நீங்கதானே எழுதினீங்க?"

"எழுதினது நான். யோசனை நெட்டையரோடது."

நெட்டையரும் அவரும் ஒரே கல்லூரியில் அறிவியல் தத்துவம் நடத்துபவர்கள். தினமும் மாலை பேசிக்கொண்டே சேர்ந்து வீட்டுக்கு நடப்பவர்கள். ஒரு கொள்கை தப்பென்று தெரிந்த உடனே விஞ்ஞானி அதைத் தூக்கி எறிவதில்லை. வேறொன்று கைக்கு வரும்வரை அதோடேயே குடித்தனம் நடத்துகிறார் என்பதுதான் அந்த யோசனை.

"என்னைப் பத்தி எழுதினீங்கன்னுல்ல நினைச்சேன்!" என்றாள் மனைவி.

பேராசிரியர் அவசரமாக முன்னுரையில் ஒரு வரி நன்றி சேர்த்தார்.

"ஒரே வரியா? பஸ்ஸில இடம் விட்டவருக்குச் சொல்ற மாதிரி இருக்கு."

மறுபடி உட்கார்ந்தார். கொட்டும் மழையில் ஒரே குடைக்குள் நின்று வாதாடியது, இவருடைய உளறலையும் நெட்டையர் பொறுமையாகக் கேட்டது எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. கண் கலங்கிவிட்டது. நன்றி மூன்று பக்கத்துக்கு நீண்டது.

பதிப்பாளர் போன் செய்தார். "சார், இதைப் படிச்சா புத்தகத்தையே அவர்தான் எழுதின மாதிரி இருக்கு. அட்டையில யார் பேரைப் போட?"

"ரெண்டு பேரையும் போடுங்க."

"அப்ப அவர் சம்மதம் வேணுமே!"

நெட்டையருக்குப் போன் போட்டார். இவர் "ஹலோ" என்றதும் அந்தப் பக்கம் டக்கென்று வைத்துவிட்டார்கள். கல்லூரியில் தேடிப் போனார். இவர் தலையைக் கண்டதும் நெட்டையர் இரண்டிரண்டு படியாக மாடியிலிருந்து இறங்கி ஓடியே போனார்.

'விஷயம் காதுக்கு எட்டிடுச்சு. இத்தனை வருஷ சிநேகிதம் போச்சு!'

வியர்க்க விறுவிறுக்க அவர் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டினார். நெட்டையரின் மனைவி திறந்தாள்.

"தங்கச்சி, அவர் என்ன திட்டினாலும் வாங்கிக்கறேன். எனக்கு யோசிக்கக் கத்துக்கொடுத்ததே அவர்தான். ஒரு நன்றி சொல்லிட்டுப் போயிடறேன்."

"ஐயோ, மெதுவாப் பேசுங்கண்ணே! அவர் எழுதின புத்தகம் நேத்துதான் கடைக்கு வந்துச்சு. அதுல இருக்கறதெல்லாம் உங்க யோசனையாம், உங்க மூஞ்சியில எப்படி முழிக்கறதுன்னு கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சிக்கிட்டிருக்காரு!"