டீக்கடை வரை ஐராவதம்

விற்பனை மேலாளர் என்ற பதவியில் உட்கார்ந்துகொண்டு, விற்காமல் இருப்பதற்காகவே உயிரைக் கொடுத்து உழைத்த மனிதர் இந்த நாட்டிலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் என் மேஜைக்கு எதிர் மேஜை அவருடையது. அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. அதை அவர் மனைவியும் வங்கியும் மட்டுமே பயன்படுத்தினார்கள். மற்ற எல்லோருக்கும் அவர் தள்ளு சார்.

எங்கள் கம்பெனி செய்த மோட்டார் சைக்கிளின் பெயர் ஐராவதம். ஒரு காலத்தில் தாசில்தார்களும் நெல் மண்டிக்காரர்களும் அதில் ஏறிப் போனார்களாம். பிறகு லேசான வண்டிகள் வந்தன. ஐராவதம் படுத்துவிட்டது, பழைய முதலாளிகள் கம்பெனியை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். பல வருடம் கழித்து எங்கள் துளசி மேடம் அந்தப் பெயரையும் பழைய வரைபடங்களையும் வாங்கினார். ஆர்.கே.பேட்டைப் பக்கம் இருந்த நிலத்தில் தன் பங்கை விற்று, இரும்பு உருக்காலைகளுக்கு நடுவில் ஒரு ஷெட் பிடித்து, அதே வண்டியை அதே கனத்தோடு மறுபடியும் செய்ய ஆரம்பித்தார். பைத்தியம் பிடித்துவிட்டது என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். மேடம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தக் கம்பெனியில் நான் விளம்பரப் பிரிவு. பிரிவு என்றால் நானும் ஒரு மின்விசிறியும்தான்.

வண்டி வாங்க வருகிறவர்களுக்குத் தள்ளு சார் ஒரு பரீட்சை வைத்திருந்தார். ஓட்டிப் பார்ப்பதெல்லாம் அப்புறம். முதலில் இன்ஜினை அணைத்துவிட்டு, எங்கள் கேட்டிலிருந்து ஸ்டெல்லா அக்கா டீக்கடை வரைக்கும் வண்டியைத் தள்ள வேண்டும். நடுவில் ஒரு வேகத்தடை இருந்தது. கன்டெய்னர் லாரிக்காரர்களே கெட்ட வார்த்தை சொல்லித் தாண்டும் வேகத்தடை அது.

"என்னிக்காவது ஒரு நாளு இது நின்னுடும் நைனா. எல்லா வண்டியும் நிக்கும். அன்னிக்கு நீதான் தள்ளணும், நான் வரமாட்டேன். இன்னிக்கே தள்ளிப் பாத்துக்க" என்பார்.

தள்ளி முடித்தவருக்கு ஸ்டெல்லா அக்கா கடையில் கம்பெனி செலவில் ஒரு டீ உண்டு. ஒரு ஆள் தள்ளினால் ஒரு டீ, அதுதான் கணக்கு. அக்காவின் வீட்டுக்காரர் எதிர் ஆலையில் உலை வேலை பார்த்தார். கடையில் உட்கார்ந்தபடியே அக்கா ஆட்களை எடை போடுவதில் கெட்டிக்காரி. பாதித் தூரத்திலேயே பாய்லரை மூடிவிட்டு, "இது தேறாது சார்" என்று குரல் கொடுத்துவிடுவார். பெரும்பாலும் தேறாது.

தேறாதவர்களில் முதல் ஆள் நான்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கும் ஒரு ஐராவதம் வேண்டும் என்று ஆசையாகப் போய் நின்றேன். வேகத்தடையில் வண்டி நின்றது, நானும் நின்றேன். "உனக்கு வேணாம்பா" என்றார், ஏதோ ஜாதகம் பார்த்துச் சொல்வது போல. அதோடு கதை முடிந்தது. ஐராவதத்தின் கம்பீரத்தைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, சாயங்காலம் என் மனைவியின் ரோஸ் நிற ஸ்கூட்டரில் கவரைப்பேட்டைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

ஒருமுறை சென்னையிலிருந்து ஒரு இளைஞர் வந்தார். தோல் ஜாக்கெட், தோல் கையுறை, முழங்காலுக்கு ஒரு கவசம், இமயமலைக்குப் போகிற திட்டம். சித்திரை வெயிலில் அத்தனையும் போட்டுக்கொண்டு தள்ளினார். வேகத்தடைக்கு முன்னாலேயே வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது, அவர் இன்னொரு பக்கம் சாய்ந்தார். தள்ளு சார் ஓடிப் போய் முதலில் வண்டியைத்தான் தூக்கி நிறுத்தினார். பிறகு பையனைப் பார்த்து, "காலைல இன்னா நாஷ்டா துன்ன?" என்று கேட்டார்.

"பிளாக் காபி சார்."

"போய் ரெண்டு மாசம் ஒழுங்கா சாப்ட்டுட்டு வா. அப்பால பாக்கலாம்."

அந்தப் பையன் இணையத்தில் எங்களுக்கு ஒற்றை நட்சத்திரம் கொடுத்தான். கீழே, வண்டியில் ஏறுவதற்கு முன்பே எனக்கு எடை குறைவு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள் என எழுதியிருந்தான். பதில் எழுத வேண்டியவன் நான். மறுக்க ஒரு வரியும் கிடைக்கவில்லை.

இன்னொரு நாள் ஒரு வேன் நிறைய கல்யாண கோஷ்டி வந்து இறங்கியது. மாப்பிள்ளைக்குச் சீராக ஐராவதம்தான் வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் பிடிவாதம். பெண்ணின் அப்பா பையோடு வந்திருந்தார். பை பெரிதாக இருந்தாலும் தள்ளு சார் இளகவில்லை. பட்டு வேட்டி மாப்பிள்ளை தள்ளினார். பத்தடி போனதும் வேட்டி ஒரு கையில், வண்டி ஒரு கையில் என்று ஆகிவிட்டது. இரண்டையும் காப்பாற்ற முடியாமல் வேட்டியைத் தேர்ந்தெடுத்தார். மணப்பெண் பேசாமல் வேனிலிருந்து இறங்கி, புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, டீக்கடை வரை ஒரே மூச்சில் தள்ளிக்கொண்டு போய் நிறுத்திவிட்டாள். ஸ்டெல்லா அக்கா எழுந்து நின்று டீ கொடுத்தார்.

"வண்டி பொண்ணு பேர்லதான் பதிவாவும். தள்ளினவங்களுக்குத்தான் வண்டி" என்றார் தள்ளு சார். மாப்பிள்ளை வீட்டார் கொஞ்சம் முறைத்தார்கள். பெண்ணின் அப்பா முகத்தில் அன்று நான் பார்த்த சந்தோஷத்தைக் கல்யாணத்தில்கூடப் பார்த்திருக்க முடியாது.

இதெல்லாம் கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். மாதக் கடைசியில் சம்பளம் போட வேண்டிய மேடத்துக்கு எப்படிச் சிரிப்பு வரும்?

"சார், நாம வண்டி விக்கிறோமா, இல்ல தீ மிதிக்க ஆள் எடுக்கறோமா?" என்று ஒரு நாள் கேட்டே விட்டார்.

"மேடம், பெரிய கம்பெனிக்காரனாண்ட ஒருத்தன் திட்டிக்கினு போனா பின்னாலயே ஒம்போது பேரு வருவான். நம்மாண்ட வர்றதே நாலு பேரு. அதுல ஒருத்தன் வண்டிய ஊட்டாண்ட நிறுத்திக்கினு, பேஜாரான வண்டின்னு ஊரெல்லாம் சொன்னான்னா நம்ம கத கந்தல். வாங்கறவன் கடைசி வரைக்கும் வச்சிக்கினு இருக்கணும். அப்பதான் நாம இருப்போம்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, விற்பனைதான் இல்லை. தை பிறப்பதற்குள் வெளியிலிருந்து முதலீடு வராவிட்டால் ஷெட்டைப் பூட்ட வேண்டியதுதான் என்று மேடத்துக்கும் எனக்கும் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து ஒரு முதலீட்டாளர் வருகிறேன் என்றார். மேடம் பஞ்சாங்கத்தைப் புரட்டி நல்ல நாள், நல்ல நேரம் பார்த்து ஒரு சனிக்கிழமையைக் குறித்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அன்னிக்கு மட்டும் சார் இங்க இருக்கக் கூடாது. எங்கயாவது அனுப்பிடுங்க" என்றார். வண்டிப் பதிவு விஷயமாக ஒரு சந்தேகம் கேட்க வேண்டும் என்று சொல்லி அவரைத் திருவள்ளூர் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அனுப்பிவைத்தேன். ராகுகாலம், எமகண்டம், குளிகை வரை பார்த்த நாங்கள், அது இரண்டாவது சனிக்கிழமை என்பதை மட்டும் பார்க்கவில்லை.

முதலீட்டாளர் வெள்ளைச் சட்டையும் பளபளக்கும் ஷூவுமாக வந்தார். ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார். பிறகு மேடத்தின் அறையில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார்: "இவ்ளோ கஷ்டமே வேண்டாம் மேடம். வெளியில இருந்து லைட்டான வண்டி வாங்கி, டேங்க்ல உங்க யானைய ஒட்டிடலாம். ஷெட்டும் வேண்டாம், ஆளும் வேண்டாம். ஜனங்களுக்கு வேண்டியது பேர்தான்."

மேடம் சரி என்றால் பெயர் பிழைக்கும், வண்டி செத்துவிடும். வேண்டாம் என்றால் இரண்டும் போய்விடும். அப்போது கதவு திறந்தது.

"ஆபீஸ் பூட்டிக்கினு கீது மேடம். ரெண்டாவது சனிக்கெழம. வாட்ச்மேன் என்னப் பாத்து சிரிக்கிறான்" என்றபடி தள்ளு சார் உள்ளே வந்தார். வந்தவர் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். "சாரு வண்டியத் தள்ளிப் பாத்தாரா?"

முதலீட்டாளர் சிரித்தார். "நான் எதுக்குங்க தள்ளணும்? நான் கம்பெனிய வாங்க வந்திருக்கேன்."

"அப்ப கண்டிப்பா தள்ளணும் சார். வண்டி வாங்கறவன் ஒரு வண்டியத் தள்றான். கம்பெனி வாங்கறவரு மொத்தத்தையும் தள்ளணும். உங்களுக்கு ஒண்ணு போதும்னு உட்டுத் தரேன்."

என்ன ரோஷம் வந்ததோ, அந்த மனிதர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு எழுந்தார். ஷிப்ட் விடும் நேரம். எதிர் ஆலை ஆட்கள் சாப்பாட்டுக் கூடையோடு ரோட்டோரம் நின்றுவிட்டார்கள். முறுக்குக் கம்பி ஏற்றிய ஒரு லாரி பின்னால் வந்தது. டிரைவர் ஹாரன் அடிக்காமல் இன்ஜினை அணைத்துவிட்டு, கதவில் கை ஊன்றி வேடிக்கை பார்த்தார். வேகத்தடையில் வண்டி இரண்டு தடவை பின்வாங்கியது. உதவிக்குப் போன என் சட்டையைத் தள்ளு சார் பிடித்து இழுத்தார். மறுபடி முதலீட்டாளர் தோளைக் கொடுத்துத் தள்ளியபோது ஐராவதம் ஏறி இறங்கியது. ஸ்டெல்லா அக்கா பாய்லரை மூடவே இல்லை.

வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. அவர் டீயைக் குடித்து முடித்து, வண்டியின் டேங்க்கைத் தட்டிப் பார்த்தார். "இந்த வண்டி எனக்கு வேணும். கம்பெனி வேண்டாம்" என்றார். "இத லைட்டான வண்டியா மாத்தினா நானே வாங்க மாட்டேன். மாத்தலன்னா எனக்கு லாபம் வராது. நான் லாபத்துக்கு வந்தவன்." சொல்லிவிட்டு ஒரு வண்டிக்குப் பதிவு செய்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

கம்பெனியைக் காப்பாற்ற வந்த மனிதர் ஒரே ஒரு வண்டி வாங்கிப் போனார். தள்ளு சாருக்கு அன்றோடு சீட்டுக் கிழிந்தது என்றுதான் நினைத்தேன். மேடம் வண்டி வாங்கியவர்களின் நோட்டை எடுத்துப் புரட்டினார். பிறகு என்னிடம், "நம்ம வண்டி செகண்ட் ஹேண்ட் கடையில எங்கயாவது நிக்குதான்னு பாத்துட்டு வாங்க" என்றார். மணவாள நகர், திருவள்ளூர், செங்குன்றம் என்று கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒரு ஐராவதம்கூட இல்லை. வாங்கிய ஒருவரும் விற்கவில்லை.

"அப்ப பூட்ட வேணாம்" என்றார் மேடம்.

பாதி ஷெட்டை ஒரு லேத்துக்காரருக்கு வாடகைக்கு விட்டார். ஷோரூம் திட்டத்தைக் கைவிட்டார். பதிவு செய்தவர்களுக்கு மட்டும் வண்டி, டெலிவரி எங்கள் கேட்டிலேயே என்று முடிவானது. என்னை விளம்பரம் எழுதச் சொன்னார். 'தள்ள முடிந்தால் வாங்குங்கள்' என்று எழுதினேன். நான் எழுதியதிலேயே உருப்படியான வரி அதுதான், அதுவும் என்னுடையது இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தள்ளிப் பார்க்கவே கூட்டம் வந்தது. அந்தப் பிளாக் காபிப் பையன் கன்னத்தில் சதையோடு திரும்பி வந்து, வேகத்தடையைத் தாண்டி, தன் நட்சத்திரங்களை ஐந்தாக்கினான். தை பிறந்தது, பூட்டுப் போடவில்லை. கம்பெனி இன்றும் சின்னதுதான். பெரிதாகப் போவதுமில்லை. ஆனால் வண்டிக்குக் காத்திருக்கிறார்கள்.

சில வருடம் கழித்து நான் பத்திரிகை வேலைக்கு வந்துவிட்டேன். தள்ளு சார் முழங்கால் ஆபரேஷன் முடிந்த கையோடு ஓய்வு பெற்றார். என்னையும் அழைத்திருந்த வழியனுப்பு நாளில் மேடம் ஒரு ஐராவதத்தை மாலை போட்டு நிறுத்தி, சாவியை நீட்டினார். அவர் வாங்கவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு கேட்டுக்குப் போனார்.

"உங்களுக்கு வேணாம் சார் இந்த ரூலு" என்றார் மேடம்.

"எனக்கே உட்டுக் குடுத்தா நாளைக்கு எவன் தள்ளுவான்? கம்பெனி பூடும் மேடம்."

தள்ளினார். ஷெட்டே வெளியில் வந்து நின்றது. வேகத்தடையில் வண்டி நின்றது. மறுபடி முயன்றார், மறுபடியும் நின்றது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், "எனக்கு வேணாம்பா" என்றார். என்னிடம் சொன்ன அதே வார்த்தை. என் கண் கலங்கிவிட்டது.

கடையிலிருந்து ஸ்டெல்லா அக்காதான் கேட்டார்: "ஒத்த ஆளால முடியலன்னா ரெண்டு பேரா தள்றது. கூடாதுன்னா சொல்லிக்கீறீங்க?"

தள்ளு சார் யோசித்தார். தனியாகத்தான் தள்ள வேண்டும் என்று அவர் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. சுற்றிலும் பார்த்தார். அத்தனை பேர் இருக்க, தேறாத என்னைத்தான் கூப்பிட்டார்.

அன்று சேர்ந்து தள்ளித் தாண்டினோம்; இருவருக்கும் சொந்தமான அந்த வண்டி இன்னும் கம்பெனி கேட்டில்தான் நிற்கிறது. சனிக்கிழமைகளில் நான் போவேன். மணவாள நகரிலிருந்து பஸ் மாறி மாறி அவரும் வந்துவிடுவார். நான் ஹேண்டில் பாரைப் பிடிக்க, அவர் பின்னால் கை கொடுக்க, திட்டிக்கொண்டே வேகத்தடையைத் தாண்டுவோம். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆள்தான் என்று ஸ்டெல்லா அக்கா ஒரு டீயை இரண்டு கிளாஸில் ஊற்றி வைப்பார். எத்தனையோ ஊரில் எத்தனையோ டீ குடித்திருக்கிறேன். எனக்குப் பிடித்தது அந்தப் பாதி டீதான்.