ஒரே ஒரு கல்லைத்தான் எடுத்தேன்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். அவள் நலத்தை நீங்கள்தான் எழுத வேண்டும், பெட்டியோடு அங்கேதானே வந்து உட்கார்ந்திருக்கிறாள். வந்ததும் என்னைப் பற்றி ஒரு பாட்டம் அழுதிருப்பாள், நீங்களும் "எனக்கு அப்பவே தெரியும்" என்றிருப்பீர்கள். என் பக்க நியாயத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

மண்பாண்ட வகுப்பில் சேரச் சொன்னது நானா? அங்கே சூளையில் இடமில்லை என்று, வனைந்ததையெல்லாம் சுட வழியில்லாமல் வீடெங்கும் அடுக்கிவிட்டாள். கட்டிலடியில் கிண்ணம், காலை நீட்டினால் குவளை. பாவம் என்று கொல்லையில் சின்னதாக ஒரு விறகுச் சூளை கட்டித் தருகிறேன் என்றேன். நல்லதுக்குக் காலமில்லை. சூடு தாங்கும் செங்கல் வாங்கி, மண் குழைத்து, கொத்தனார் உதவிகூட இல்லாமல் இடுப்பு ஒடியக் கட்டினேன். புகைபோக்கி குட்டையாம், புகை மேலே போகாமல் விறகு தள்ளும் வாய் வழியாகவே திரும்பி வந்து, மாடி வீட்டம்மாவின் வெள்ளைத் துணியெல்லாம் கறுத்துவிட்டது. அந்தம்மா எட்டிப் பார்த்து, "என்ன சார் சுடறீங்க, ஆளையா?" என்று கேட்கிறாள். காற்று சரியில்லை என்றேன். உங்கள் தங்கை அந்தம்மா காதுபடவே, "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்றாள். அதையும் பொறுத்துக்கொண்டு பழைய தகரக் குழாயைச் செருகி உயரமாக்கினேன். அப்புறம் பிடித்தது பாருங்கள் தீ, உள்ளே பாண்டமெல்லாம் தணலாகச் சிவந்து நின்றது. பகல் முழுக்க விறகு தள்ளியது யார்? நான்.

வாயைக் கல் வைத்து அடைத்து மண் பூசியதும், "ஏங்க, நல்லா ஆறுற வரைக்கும் தொடாதீங்க. குளிர்காத்து பட்டா எல்லாம் விரிசல் விட்டுடும். சோறு வெந்துச்சான்னு நாலு தடவை மூடியத் தூக்கற ஆளு நீங்க, அதான் சொல்றேன்" என்றாள். கட்டிய கணவனிடம் பேசுகிற பேச்சா இது? மறுநாள் அவள் கடைக்குப் போன நேரத்தில் ஒரே ஒரு கல்லைத்தான் எடுத்தேன், அதுவும் துணி சுற்றி, பதமாக. உள்ளே டிக் என்றது. பிறகு டிக், டிக் என்று வரிசையாக. கல்லைத் திரும்ப வைப்பதற்குள் பின்னால் பையோடு நிற்கிறாள். நன்றாகத் திட்டியிருக்கலாம். "ஆக்கப் பொறுத்தீங்க, ஆறப் பொறுக்கலையே" என்று மெல்லச் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பெட்டியை எடுத்தாள். அவளுடைய ஒரு வருஷ உழைப்பாம். என் இடுப்பு எந்தக் கணக்கில் சேர்த்தி என்று கேட்டு எழுதுங்கள்.

சூளையை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டேன் என்றும் சொல்லுங்கள். இனி இந்த வீட்டில் மண் என்ற பேச்சே கிடையாது. அவள் எத்தனை நாள் வேண்டுமானாலும் அங்கேயே இருக்கட்டும். எனக்கும் சமைக்கத் தெரியும். வீடு அமைதியாக இருக்கிறது, காலை நன்றாக நீட்டிப் படுக்கிறேன்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசிகள். தங்கள் தங்கைக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
ஆறாத கோபத்துடன்,
தங்கள் மைத்துனன்

பி.கு.: சூளையை இடிக்கவில்லை. அவள் விட்டுப்போன களிமண்ணில் நானே இரண்டு குவளை செய்து, சுட்டு, வாயை அடைத்து வைத்திருக்கிறேன். ஒன்று சற்றுச் சாய்ந்திருக்கும். சூளை எப்போதோ ஆறிவிட்டது, தொட்டால் ஜில்லென்று இருக்கிறது. நான் ஒரு கல்லைக்கூட அசைக்கவில்லை. அவள் வந்து திறக்கட்டும்.